இழுவை வீட்டின் கூரைக் குளிரூட்டியில் நீர்க்கசிவு

கூரைக் குளிரூட்டி நீர்க்கசிவு என்பது, டிராவல் டிரெய்லர் எனப்படும் இழுவை வீடுகளின் கூரை மீது பொருத்தப்பட்ட குளிரூட்டியின் வழியாகவோ அதனைச் சுற்றியோ நீர் உட்புறம் ஒழுகும் பழுதைக் குறிக்கும். உள்ளே சொட்டும் நீர் இரண்டு வேறுபட்ட மூலங்களிலிருந்து வரக்கூடும். ஒன்று மழைநீர், மற்றொன்று குளிரூட்டி தானே காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் நீர். இவ்விரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பினும் திருத்தும் முறை முற்றிலும் வேறானது. மூலத்தை அறியாமல் கூரை மீது பசையைப் பூசிவிடுவது இப்பழுது மீண்டும் மீண்டும் வருவதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

இழுவை வீடும் அதன் குளிரூட்டியும்

இழுவை வீடு என்பது மகிழுந்தாலோ பிக்கப் வண்டியாலோ இழுத்துச் செல்லப்படும், படுக்கை, சமையலறை, கழிவறை ஆகியவற்றைக் கொண்ட ஊர்தியாகும். பிரித்தானியாவில் இது கேரவன் எனப்படுகின்றது. தமிழ்நாட்டுப் படப்பிடிப்புத் தளங்களில் கேரவன் என்று அழைக்கப்படுவது பெரும்பாலும் தானே ஓடும் பேருந்து வகையைச் சேர்ந்தது, அது வேறு. ஐக்கிய அமெரிக்காவில் இவ்வூர்திகளின் உற்பத்தி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரைச் சுற்றியே பெருமளவில் நடைபெறுகின்றது.

இழுவை வீட்டைக் குளிர்விக்கும் முயற்சி பழமையானது. ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936 ஆம் ஆண்டில் வெளியிட்ட கிளிப்பர் என்னும் ஊர்தியில் உலர்பனிக்கட்டியைக் கொண்டு காற்றைக் குளிர்விக்கும் ஏற்பாடு இருந்தது. பின்னாளில் மின்சாரத்தால் இயங்கும் கூரைக் குளிரூட்டிகள் பரவலாயின. இன்று வட அமெரிக்க இழுவை வீடுகளில் காணப்படும் கூரைக் குளிரூட்டிகள் பெரும்பாலும் மணிக்கு 13,500 அல்லது 15,000 பிரித்தானிய வெப்ப அலகு திறன் கொண்டவை. முதலாவது ஏறத்தாழ 4 கிலோவாட்டுக்குச் சமமாகும். கோல்மன்-மாக், டொமெட்டிக் ஆகியன பரவலாக அறியப்பட்ட வணிகப் பெயர்கள்.

வீட்டுச் சன்னல் குளிரூட்டியைப் போலவே இதிலும் அமுக்கி, ஒடுக்கி, ஆவியாக்கி, விசிறி அனைத்தும் ஒரே பெட்டிக்குள் அடங்கியுள்ளன. வேறுபாடு பொருத்தும் முறையில் உள்ளது. கூரையில் 14¼ அங்குலப் பக்கமுள்ள (ஏறத்தாழ 36 செ.மீ.) ஒரு சதுரத் துளை வெட்டப்பட்டிருக்கும். காற்றுப்போக்கிச் சாளரத்துக்கும் இதே அளவுத் துளையே பயன்படுவதால், சாளரத்தைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் குளிரூட்டியை வைப்பதும் உண்டு. துளையைச் சுற்றி நுரையாலான சதுரக் கேஸ்கட் ஒன்று ஒட்டப்பட்டு, அதன் மீது குளிரூட்டி அமர்த்தப்படுகின்றது. பின்னர் உட்புறத்தில், மேற்கூரைக்குக் கீழே வைக்கப்படும் ஓர் உலோகச் சட்டத்திலிருந்து நான்கு நீண்ட போல்ட்டுகள் மேலேறிக் குளிரூட்டியின் அடித்தட்டில் முறுக்கப்படுகின்றன. அதாவது, மேலேயுள்ள பெட்டியும் கீழேயுள்ள சட்டமும் இடையில் கூரையை வைத்து ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. வெளிப்புறத்தில் ஆணியோ திருகோ அடிக்கப்படுவதில்லை. மழைநீர் உள்ளே வராமல் காப்பது அழுந்திய அந்த நுரைக் கேஸ்கட் மட்டுமே.

குளிரூட்டி உண்டாக்கும் நீர்

ஆவியாக்கியின் குழாய்களும் அவற்றைச் சூழ்ந்த மெல்லிய அலுமினிய இதழ்களும் காற்றின் பனிநிலைக்கும் கீழே குளிர்ந்திருக்கும். 32 பாகை செல்சியசு வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதனும் உள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 26 பாகை ஆகும். ஆவியாக்கியின் பரப்போ அதைவிட மிகக் குளிர்ந்தது. ஆகவே குளிர்ந்த நீர்ச்செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல் அதன் மீதும் நீர் படிகின்றது.

இந்நீரின் அளவு பலரும் எண்ணுவதை விடக் கூடுதலானது. ஒரு கிலோகிராம் நீராவியை நீராக மாற்ற ஏறத்தாழ 2,450 கிலோயூல் வெப்பத்தை நீக்க வேண்டும். 4 கிலோவாட் திறனில் கால் பங்கு, அதாவது 1 கிலோவாட், ஈரத்தை நீக்குவதில் செலவானால், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர் சேரும். பத்து மணி நேரம் ஓடினால் பதினைந்து லிட்டர்; இது ஒரு வாளி நிறைய நீர். புளோரிடா, லூசியானா போன்ற மெக்சிகோ வளைகுடாக் கரையோர மாநிலங்களில் இவ்வளவு நீர் இயல்பானதே. அரிசோனாவின் வறண்ட கோடையில் அதே பெட்டி மிகக் குறைந்த நீரையே தரும். எனவே பாலைநிலத்தில் ஒரு பருவம் முழுவதும் சொட்டாத குளிரூட்டி, கடற்கரைக்கு வந்த முதல் நாளே ஒழுகத் தொடங்கினால், வழியில் ஏதோ உடைந்துவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. பழுது முன்பே இருந்திருக்கலாம். ஒழுகுவதற்கு நீர்தான் இல்லாதிருந்தது.

இந்நீர் ஆவியாக்கியின் கீழுள்ள தட்டில் விழுந்து, வடிதுளைகள் வழியாகக் கேஸ்கட்டுக்கு வெளியே கூரைப் பரப்பில் இறங்கி, அங்கிருந்து ஓரமாக வழிந்து கீழே சொட்டும் வகையில் பெரும்பாலான பெட்டிகள் அமைக்கப்பட்டுள்ளன. வெயில் நாளில் ஊர்தியின் வெளிச்சுவர் ஓரமாக நீர் ஒழுகுவது பழுதன்று. குளிரூட்டி ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். ஏர்ஸ்ட்ரீம் ஊர்திகள் பலவற்றில் இதற்கு மாறாக, நீரைச் சுவருக்குள் செல்லும் ஒரு சிறு குழாய் வழியாகத் தரைக்குக் கீழே கொண்டுசெல்லும் ஏற்பாடு உள்ளது. அக்குழாய் அடைபட்டால் நீர் உள்ளே திரும்பும். ஆகவே பெட்டியின் வகையை அறிந்த பின்னரே வடிகால் எங்குள்ளது எனத் தேட வேண்டும்.

மூலத்தைக் கண்டறிதல்

முதற்கேள்வி எளியது: எப்போது ஒழுகுகின்றது? மழையே இல்லாத நாளில், குளிரூட்டி சில மணி நேரம் ஓடிய பின் ஒழுகினால் அது குளிரூட்டியின் நீர். குளிரூட்டி நிறுத்தப்பட்டிருக்கும்போது மழையில் ஒழுகினால் அது கேஸ்கட் வழியாகவோ கூரையின் வேறொரு துளை வழியாகவோ வரும் மழைநீர். ஊர்தி புறப்படும்போதோ தடுப்பை அழுத்தும்போதோ திடீரென ஒரு குவளை அளவு நீர் கொட்டினால், அது பெரும்பாலும் வடியாமல் தட்டில் தேங்கி நின்ற நீர் அலைந்து வழிந்ததாகும்.

இக்கேள்விக்கு விடை கிடைக்காதபோது நீர்ச்சோதனை செய்யலாம். மின்னிணைப்பு முழுவதையும் துண்டித்துவிட்டு உட்புற மூடியைக் கழற்றினால் துளையின் நான்கு விளிம்புகளும் மரச்சட்டமும் கைவிளக்கில் தெளிவாகத் தெரியும். ஒருவர் உள்ளே பார்த்துக்கொண்டிருக்க, மற்றொருவர் கூரை மீது நீரை மெதுவாக ஓடவிட வேண்டும். தாழ்வான பகுதியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேடான பகுதிக்குச் செல்வது முறை; ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் நனைத்துவிட்டால் எந்த இடத்தில் நுழைந்தது என்பது தெரியாமல் போகும். வேகமாகப் பீய்ச்சும் கருவிகளைப் பயன்படுத்தக்கூடாது. அவை நல்ல கேஸ்கட்டையும் தாண்டி நீரைச் செலுத்திவிடும். அதன் பின்னர், உணவு நிறமி கலந்த சிறிதளவு நீரை ஆவியாக்கியின் தட்டில் ஊற்றிப் பார்த்தால் வடிதுளைகளின் நிலை தெரியவரும். நிறநீர் கூரையில் வெளிப்பட்டால் வடிகால் நன்று. உள்ளே வெளிப்பட்டால் தட்டு வெடித்துள்ளது அல்லது துளை அடைபட்டுள்ளது.

நீர் சொட்டும் இடமே நீர் நுழையும் இடம் என்று கொள்ளலாகாது. கூரைக்கும் உட்புற மேற்பலகைக்கும் இடையிலுள்ள குறுக்குச் சட்டங்கள் வழியே நீர் நெடுந்தொலைவு ஓடி, தாழ்வான ஒரு திருகுத் துளையைக் கண்டபின்னரே சொட்டும். இதன் மறுதலையும் உண்மை. குளிரூட்டியின் ஓரத்தில் சொட்டும் நீர், அதற்கு மேட்டுப்பக்கத்திலுள்ள காற்றுப்போக்கிச் சாளரத்தின் விளிம்பிலோ வானலைவாங்கியின் அடியிலோ நுழைந்ததாக இருக்கலாம்.

மூன்றாவது மூலம் ஒன்றும் உண்டு. இது எளிதில் ஏமாற்றக்கூடியது. பல இழுவை வீடுகளில் குளிர்காற்று மேற்கூரைக்குள் உள்ள காற்றுக்குழாய்கள் வழியாக அறைகளுக்குச் செல்கின்றது. குளிரூட்டியின் அடியில் குளிர்காற்றையும் திரும்பும் காற்றையும் பிரிக்கும் தடுப்பு சரியாக ஒட்டப்படாவிட்டால், குளிர்காற்று கூரையின் இடைவெளிக்குள் கசிந்து அங்குள்ள பரப்புகளைக் குளிர்விக்கும். ஈரக்காற்று அவற்றின் மீது படிந்து நீராகும். அப்போது மழையும் காரணமன்று, வடிதுளையும் காரணமன்று. ஆயினும் மேற்பலகையில் ஈரவட்டம் தோன்றும். மேலே எத்தனை பசை பூசினாலும் இது நீங்காது. தடுப்பின் இணைப்புகளை அலுமினியத் தாள் ஒட்டுநாடாவால் மூடுவதே இதற்குத் தீர்வு. இவ்வாறு மூடியபின் குளிரூட்டலும் மேம்படுவதைக் காணலாம்.

கேஸ்கட்டும் நான்கு போல்ட்டுகளும்

புதிய நுரைக் கேஸ்கட் ஓர் அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட தடிப்புடையது. போல்ட்டுகளை முறுக்கும்போது அது ஏறத்தாழ அரை அங்குலத்துக்கு அழுந்த வேண்டும் எனத் தயாரிப்பாளர்களின் கையேடுகள் கூறுகின்றன. முறுக்குவிசை அளவு 40 முதல் 50 அங்குல-பவுண்டு (ஏறக்குறைய 4.5 முதல் 5.6 நியூட்டன்-மீட்டர்) எனப் பல கையேடுகளில் தரப்பட்டுள்ளது. இது கையளவில் மிகச் சிறிய விசை. மகிழுந்துச் சக்கரத்தை முறுக்கிப் பழகியவர்கள் இதனை எளிதில் மீறிவிடுவர்.

நெடுஞ்சாலை அதிர்வாலும், நுரை காலப்போக்கில் தன் மீள்தன்மையை இழப்பதாலும் கேஸ்கட் தளர்கின்றது. உட்புற மூடியைக் கழற்றி நான்கு போல்ட்டுகளையும் தொட்டுப் பார்த்தாலே தளர்ச்சி தெரியும். கூரையில் ஏறுவதற்கு முன் இதனைச் செய்துவிடுவது அறிவுடைமை; பல கசிவுகள் இங்கேயே, அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகின்றன. போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் சிறிதளவே முறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் சென்றால் பெட்டி சாய்ந்து கேஸ்கட் ஓரிடத்தில் நசுங்கி, எதிர்ப்புறத்தில் வாய் பிளக்கும்.

அளவுக்கு மீறி முறுக்குவது தளர விடுவதை விடத் தீங்கானது. முழுவதும் நசுங்கிய நுரை மீண்டும் எழாது, அடித்தட்டு வளையும், துளையைச் சுற்றிய கூரை பள்ளமாகும். பள்ளத்தில் மழைநீர் தேங்கி நிற்கும். ஓடிச்செல்லும் நீரைத் தடுப்பதற்காக உருவான கேஸ்கட், நாள்கணக்கில் தேங்கிய நீரில் ஊறிக் கிடக்க நேரிடும். இரண்டாம் கைக்கு வாங்கப்படும் இழுவை வீடுகளில் குளிரூட்டியைச் சுற்றிப் பள்ளம் இருந்தால், உள்ளே மரம் இற்றிருக்கக்கூடும் என்றே எண்ணிச் சோதிக்க வேண்டும்.

கேஸ்கட் மாற்றுதல்

முறுக்கியும் நிற்காத கசிவுக்குக் கேஸ்கட்டை மாற்றுவதே வழியாகும். குளிரூட்டி 35 முதல் 45 கிலோகிராம் அல்லது அதற்கும் மேலான எடை கொண்டது என்பதால் இருவர் தேவை. பெட்டியை முழுவதும் இறக்க வேண்டியதில்லை. போல்ட்டுகளையும் மின்னிணைப்பையும் உள்ளிருந்து கழற்றியபின் அதனை நேராகத் தூக்கி, கூரையில் விரித்த அட்டை அல்லது தடித்த துணி மீது வைக்கலாம். கூரை மீது இழுத்தால் கூரையின் மேலுறை கிழியும். ஒரு சிறு கசிவைத் திருத்தப் போய்ப் பெரிய கிழிசலை உண்டாக்கும் தருணம் இதுவே.

பழைய நுரையும் பசையும் மழுங்கிய நெகிழிச் சுரண்டியால் நீக்கப்பட வேண்டும். கூரையின் மேலுறை இ.பி.டி.எம். எனப்படும் செயற்கை ரப்பராக இருந்தால் பெட்ரோலியக் கரைப்பான்களைத் தொடவே கூடாது. அவை ரப்பரை உப்பச் செய்துவிடும். மென்மையான சோப்பு நீரே போதுமானது. பின்னர் துளையைச் சுற்றிய மரத்தை விரலாலும் கூர்முனையாலும் அழுத்திப் பார்க்க வேண்டும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பானது என்பது தச்சர்களிடையே வழக்கிலுள்ள அளவுகோல். ஈரம் கூடுதலாக இருந்தால் உலரும் வரை துளையைத் தற்காலிகமாக மூடி வைத்துக் காத்திருப்பது நல்லது. ஈர மரத்தின் மீது புதிய கேஸ்கட்டை வைப்பது, இற்றுப்போதலை உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

புதிய கேஸ்கட் துளையின் நடுவில் சரியாக அமைய வேண்டும். குளிரூட்டியை அதன் மீது நேராக இறக்க வேண்டும். இறக்கியபின் தள்ளிச் சரிசெய்தால் கேஸ்கட் மடிந்துவிடும். ஒருவர் உள்ளிருந்து துளையின் விளிம்பைப் பார்த்து வழிகாட்டுவது வேலையை எளிதாக்கும்.

பசை பூசுவது பற்றி

குளிரூட்டியின் அடித்தட்டைச் சுற்றிலும் சீலண்ட் பசையைப் பூசி மூடிவிடுவது இழுவை வீட்டு உரிமையாளர்களிடையே பரவலாகக் காணப்படும் பழக்கம். இது தவறானது. பெட்டியின் நீர் அடித்தட்டின் அடியிலிருந்தே வெளியேற வேண்டியுள்ளது. அவ்வழியைப் பசையால் அடைத்தால் நீர் உள்ளேயே உயர்ந்து, கேஸ்கட்டைத் தாண்டி அறைக்குள் இறங்கும். மழையில் மட்டும் ஒழுகிய ஊர்தி அதன்பின் வெயிலிலும் ஒழுகும். உரிமையாளர் பசை போதவில்லை எனக் கருதி மேலும் பூசுவார். இவ்வாறு பல அடுக்குப் பசை ஏறிய குளிரூட்டியைப் பின்னர் கழற்றுவதே ஒரு பெரும் வேலையாகிவிடும்.

சிலிக்கோன் பசை இன்னும் மோசமானது. அது ரப்பர் கூரையில் நன்கு ஒட்டுவதில்லை. ஆனால் அதன் எச்சம் இருக்கும் இடத்தில் வேறு எந்தப் பசையும் ஒட்டாது. கூரையின் பிற இடங்களுக்கு, அதாவது சாளர விளிம்பு, திருகுத் தலைகள், குழாய் வெளிவரும் இடங்கள் ஆகியவற்றுக்கு, தானே பரவி மட்டமாகும் கூரைச் சீலண்ட்டும் கூரை ஒட்டுநாடாவும் பயன்படுகின்றன. அவை அங்கு இன்றியமையாதவை. குளிரூட்டியின் கேஸ்கட்டுக்கு அவை மாற்று அல்ல.

வடிகாலும் பனி உறைதலும்

வடிதுளைகள் இலைச்சருகு, மகரந்தம், தூசு ஆகியவற்றால் அடைபடுகின்றன. சேற்றுக்கூடு கட்டும் குளவிகளும் இவ்விடங்களை விரும்புகின்றன. மேல்மூடியைக் கழற்றித் தட்டைத் துடைத்து, துளைகளை மென்மையான கம்பியால் துருவினால் போதும். ஊர்தி சாய்ந்து நின்றாலும் நீர் துளைக்கு எதிர்ப்பக்கத்தில் தேங்கும். ஆகவே முகாமிட்டவுடன் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது குளிரூட்டிக்கும் நன்மை தரும்.

மற்றொரு காரணம் ஆவியாக்கியில் பனி உறைவது. காற்று வடிகட்டி அழுக்கேறியிருந்தாலும், இதழ்களில் தூசு படிந்திருந்தாலும், குளிர்ந்த இரவில் குளிரூட்டி இடைவிடாது ஓடினாலும் ஆவியாக்கிக்குப் போதிய வெப்பம் கிடைக்காமல் அதன் மீது பனிக்கட்டி மூடுகின்றது. குளிரூட்டி நின்றதும் பனிக்கட்டி மொத்தமாக உருகித் தட்டு கொள்ளாமல் வழிகின்றது. காற்றோட்டம் குறைந்து, பின் திடீரென நீர் கொட்டினால் இதனை ஐயுறலாம். அமுக்கியை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டுப் பனியை உருக்கியபின் வடிகட்டியைக் கழுவ வேண்டும். வடிகட்டி தூய்மையாக இருந்தும் பனி உறைந்தால் குளிர்பொருள் குறைந்திருக்கலாம். அது தொழில்நுட்பரின் வேலை. குளிர்பொருளை வேண்டுமென்றே காற்றில் வெளியேற்றுவது ஐக்கிய அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டத்தின் 1990 ஆம் ஆண்டுத் திருத்தங்களின்படி தடைசெய்யப்பட்டுள்ளது.

பாதுகாப்பு

அமெரிக்க இழுவை வீடுகளின் குளிரூட்டி 120 வோல்ட் மாறுமின்னோட்டத்தில் இயங்குகின்றது. சுவரிலுள்ள வெப்பநிலைச் சொடுக்கியை அணைப்பது மட்டும் போதாது. முகாம் மின்வடத்தைப் பிடுங்கி, மின்னாக்கியையும் நிறுத்த வேண்டும். அதன் பின்னரும் அமுக்கியின் மின்தேக்கியில் மின்னேற்றம் எஞ்சியிருக்கும். அதனை முறைப்படி வெளியேற்றாமல் மின்பெட்டிக்குள் கை வைக்கக்கூடாது. ஈரமான ரப்பர் கூரை மிகவும் வழுக்கும். சில ஊர்திகளின் கூரை ஆள் எடையைத் தாங்குவதற்கென அமைக்கப்பட்டதன்று. கையேட்டைப் பார்த்துவிட்டு, எடையைப் பரப்பும் பலகை ஒன்றை விரித்து அதன் மீது நகர்வது வழக்கம்.

புறக்கணிப்பின் விளைவு

பல இழுவை வீடுகளின் கூரை, மெல்லிய மரச்சட்டங்களாலும் அவற்றின் மீது விரித்த ஒட்டுப்பலகையாலும் ஆனது. மேலே நீர் புகாத உறையும் கீழே மெல்லிய மேற்பலகையும் இருப்பதால் உள்ளே சென்ற ஈரம் வெளியேற வழியில்லை. வாரம் ஒருமுறை சில துளிகள் சொட்டினாலும் ஒட்டுப்பலகையின் அடுக்குகள் பிரிந்து, மரம் இற்று, பூஞ்சணம் பரவும். கண்ணாடியிழைச் சுவர் கொண்ட ஊர்திகளில் நீர் சுவருக்குள் இறங்கினால் வெளிப்பரப்பு குமிழ் போல் எழும்பிப் பிரியும். இதனைத் திருத்துவது மிகுந்த செலவுடையது. குளிரூட்டியின் எடை முழுவதையும் தாங்குவது துளையைச் சுற்றிய சட்டங்களே என்பதால், அவை இற்றபின் கூரை தொய்கின்றது. தொய்ந்த கூரையில் நீர் தேங்குகின்றது. அந்நிலையில் புதிய கேஸ்கட்டால் பயனில்லை. குளிரூட்டியை இறக்கி, கூரையுறையை விலக்கி, மரச்சட்டத்தைப் புதிதாக அமைத்த பின்னரே மீண்டும் பொருத்த இயலும். படிப்படியாக நேர்ந்த நீர்ச்சேதத்தைக் காப்புறுதித் திட்டங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

பருவத்துக்கு ஒருமுறை உட்புற மூடியைக் கழற்றி, போல்ட்டுகளையும் துளையின் விளிம்பு மரத்தையும் பார்ப்பது போதுமான பராமரிப்பாகும். குளிர்காலத்தில் ஊர்தியை நிறுத்தி வைக்கும் வட மாநிலங்களில், இலையுதிர்காலத்தின் முடிவில் வடிதுளைகளைத் துப்புரவு செய்துவிடுவது நல்லது. தட்டில் எஞ்சிய நீர் உறைந்து விரியும்போது நெகிழித் தட்டுகள் வெடிப்பதுண்டு.